முயலின் குரலில்

சான் அன்டோனியோவிலிருந்து லரேடோவுக்குப் போகும் 35ஆம் எண் நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் தெற்கே ஓட்டினால் மரங்கள் குட்டையாகும், இலைகள் சிறுக்கும், எல்லாவற்றிலும் முள் ஏறும். அங்கிருந்து ரியோ கிராண்டே ஆறு வரை முள்காடுதான். இராமநாதபுரத்துக்காரர் யாரையாவது அங்கே இறக்கிவிட்டால் முதல் ஐந்து நிமிடம் ஊர் வந்துவிட்டதாகவே நினைப்பார். மெஸ்கிட் என்று அங்கே பெயர்பெற்ற மரம் நம் சீமைக் கருவேலத்தின் பங்காளி. அதே சிற்றிலை, அதே நெற்று, தைத்தால் அதே கடுப்பு. பங்காளிகளில் ஒன்று 1870களில் சென்னை மாகாணத்துக்கு விறகுக்காகக் கொண்டுவரப்பட்டது. மற்றது பிறந்த மண்ணிலேயே பெருகியது. இரண்டையும் மனிதர்கள் ஏசுகிறார்கள்.

முன்பு இது இவ்வளவு அடர்ந்த காடாக இல்லை. அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்த 1865க்குப் பிறகு டெக்சாஸ் மாடுகள் மந்தை மந்தையாக வடக்கே கேன்சஸ் ரயில் நிலையங்களுக்கு ஓட்டப்பட்டன. மாடு பெருகப் பெருகப் புல் தரையோடு தரையாக மேயப்பட்டது. புல் இருந்த காலத்தில் சில ஆண்டுகளுக்கொரு முறை தீ ஓடி மெஸ்கிட் கன்றுகளைக் கருக்கிவிடும். புல் போன பிறகு தீ பரவ வழியில்லை. மாடு நெற்றைத் தின்று சாணம் போட்ட இடமெல்லாம் மரம் எழுந்தது. பண்ணையார்கள் இன்று புல்டோசர் வைத்துச் சண்டை போடுகிற காட்டை அவர்களுடைய கொள்ளுத்தாத்தாக்களின் மாடுகள்தான் விதைத்தன.

அந்தக் காட்டில் பல குளிர்காலங்களாக நண்பர் ஒருவரோடு கயோட்டி வேட்டைக்குப் போய் வருகிறேன். கயோட்டி ஓநாயின் சிறிய உறவு. நம் குள்ளநரியைவிட உயரம், மூக்கும் காதும் நீளம், டெக்சாஸில் பெரும்பாலும் 15 கிலோவுக்குள் நிற்கும் எடை. நண்பர் ஒரு மாட்டுப் பண்ணையில் வேலை பார்ப்பவர். வேலி கட்டுவது, தண்ணீர்த் தொட்டிகளைக் கவனிப்பது, மான் வேட்டைக்குப் பணம் கட்டி வருகிறவர்களைக் கூட்டிப்போவது எல்லாம் அவர் பொறுப்பு. அந்தப் பக்கத்துப் பல பண்ணைகளில் இன்று மாட்டைவிட மானில்தான் காசு. என்னைவிட மூத்தவர். மெக்சிகோ வழி வந்த மாட்டுக்காரக் குடும்பம். டெக்சாஸ் ஒரு தேசமாகவோ மாநிலமாகவோ ஆவதற்கு முன்பிருந்தே அங்கே இருப்பவர்கள். 1888இல் அதே முள்காட்டில், லைவ் ஓக் மாவட்டத்தில் பிறந்த ஜே. ஃபிராங்க் டோபி 1949இல் கயோட்டிக்கென்றே ஒரு புத்தகம் எழுதினார். அதில் மெக்சிக்க மாட்டுக்காரர்கள் சொன்ன கதைகள் நிறைய உண்டு. பண்ணையார்கள் துப்பாக்கிக் குழல் வழியாக மட்டும் பார்த்த ஒரு பிராணியை அந்தக் கூலிக்காரர்கள் ஊரில் உள்ள ஒரு ஆளாகப் பார்த்தார்கள். நண்பரிடம் அந்தப் பார்வை இன்றும் இருக்கிறது. சுடுவதும் அவர்தான்.

வெட்டவெளியில் கயோட்டி வேட்டை கண்ணின் வேலை. அரை மைலுக்கு அப்பால் ஒரு புள்ளி நகர்வது தெரியும். அது கிட்டே வருவதற்குள் மூச்சை நிதானப்படுத்திக்கொள்ளலாம். முள்காட்டில் முப்பது அடிக்கு மேல் எதுவும் தெரியாது. காதும் காற்றும்தான் துணை.

வண்டியைத் தொலைவிலேயே நிறுத்திவிடுவோம். கதவை அறைந்து சாத்தக் கூடாது. கையால் அழுத்தி, கொக்கி விழும் சத்தம் கேட்கும்வரை பிடித்திருக்க வேண்டும். காட்டை ஊடறுத்துப் புல்டோசரால் நேர்கோடாக வெட்டிய தடங்கள் இருக்கும், செந்தேரோ என்பார்கள். இரண்டு செந்தேரோக்கள் கூடுகிற இடம் எங்களுக்குப் பிடித்தமானது. நண்பர் டால்கம் பவுடர் அடைத்த சின்னப் பிளாஸ்டிக் புட்டி ஒன்றைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து அமுக்குவார். வெள்ளைத் தூசு போகிற போக்கைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நிற்பார். வழக்கமாக அங்கே காற்று தென்கிழக்கிலிருந்து, மெக்சிகோ வளைகுடாவின் ஈரத்தோடு வரும். குளிர் இறங்கும் நாட்களில் திடீரென்று வடக்குக்கு மாறும். மாறிய நாளில் பழைய இடத்தில் உட்கார்ந்தால் வீண். கயோட்டி எந்தச் சத்தத்துக்கும் நேராக வராது. சுற்றிக்கொண்டு காற்று போகும் பக்கத்துக்கு வந்து, மூக்கால் சரிபார்த்துவிட்டுத்தான் நெருங்கும். அதனால் சுடுகிறவர் அந்தப் பக்கத்தில், எனக்கு முப்பது நாற்பது தப்படி தள்ளி, ஒரு மெஸ்கிட் தூரில் முதுகை ஒட்டி உட்கார்வார். மடியில் பன்னிரண்டு போர் ஷாட்கன். இவ்வளவு நெருக்கத்தில் ரைஃபிள் பயன்படாது.

அவர் உட்கார்ந்ததும் எனக்கு அவர் தெரிய மாட்டார், அவருக்கு நான் தெரிய மாட்டேன். நான் இருக்கும் பக்கம் குழல் திரும்பாது. அவர் எழுந்துவந்து என் பெயரைச் சொல்லும்வரை நான் அசைய மாட்டேன். இதைத் தவிர எங்களுக்குள் வேறு ஒப்பந்தம் கிடையாது. நட்பு என்று பலரிடம் பழகியிருக்கிறேன். என் உயிரை இவ்வளவு நேரடியாக இன்னொருவர் கையில் வைத்துவிட்டு, மனம் பதறாமல், வேறு ஒன்றில் முழுக் கவனத்தோடு உட்கார்ந்திருப்பது இவரோடு மட்டும்தான்.

ஊதுவது என் வேலை.

மரத்தில் கடைந்த விரல் நீள ஊதல். முனையில் வளைந்த பிளாஸ்டிக் நாக்கு. அதன்மேல் உதட்டை வைத்து, எந்த இடத்தில் எவ்வளவு அழுத்துகிறோம் என்பதைப் பொறுத்துக் குரல் ஏறும், இறங்கும், உடையும். எழுப்ப வேண்டியது சாகிற முயலின் குரல். முயல் அநேகமாக ஊமைப் பிராணி. வாழ்நாள் முழுக்கக் காலால் தரையைத் தட்டியும் காதை மடக்கியும் பேசிக்கொள்ளும். பிடிபட்டால் மட்டும் கத்தும். ஒருமுறை ஹாரிஸ் பருந்துகள் சேர்ந்து ஒரு காட்டுமுயலைப் பிடித்ததை அருகிலிருந்து பார்த்தேன். அந்தக் குரல் நீளமாகத் தொடங்கி, நடுவில் கரகரத்து, மூச்சுக்காக நின்று, முன்னைவிட உயரத்தில் மறுபடி எழுந்தது. கடைசியில் காற்று மட்டும் வந்தது. அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு ஊத வந்தது. அதுவரை நான் எழுப்பியது வெறும் சத்தம்.

டெக்சாஸில் இந்தக் கலையைப் பரப்பியவர்கள் மார்பிள் ஃபால்ஸ் ஊரின் பர்னம் சகோதரர்கள். ஊதல் செய்து விற்றார்கள், ஊதவும் கற்றுக்கொடுத்தார்கள். வேக்கோ நகரத்து ஜானி ஸ்டூவர்ட் உண்மையான பிராணிகளின் அலறலை ஒலிப்பதிவு செய்து இசைத்தட்டாக விற்றார். இப்போது ரிமோட்டில் இயங்கும் ஒலிபெருக்கி வந்துவிட்டது. அதை ஐம்பது கெஜம் தள்ளி வைத்தால் வருகிற பிராணியின் கண் அங்கேயே இருக்கும், ஆள்மேல் விழாது. வேட்டைக்கு அதுதான் தோது என்று எல்லோருக்கும் தெரியும். நான் வாங்கவில்லை, நண்பரும் வற்புறுத்தவில்லை. பசித்த ஒன்றை இன்னொன்றின் மரண ஓலத்தால் ஏமாற்றி அழைக்கிறோம். அந்தப் பொய்யை என் மூச்சால் சொல்வதாக இருந்தால்தான் சொல்வேன். அதன் கண் தேடி வருகிற இடத்தில் நானே உட்கார்ந்திருக்கவும் வேண்டும். இது எனக்கு நானே போட்டுக்கொண்ட கட்டளை. எல்லோருக்கும் பொருந்தும் என்று வாதாட மாட்டேன்.

முதல் ஊதலுக்கு எது வரும் என்று சொல்ல முடியாது. காரகாரா என்கிற வல்லூறு இனப் பறவை தலைக்குமேல் வட்டமிடும். காட்டுப்பன்றியைப் போன்ற ஹாவலீனாக்கள் பல்லை நெறித்துக்கொண்டு புதருக்குள்ளேயே ஓடும். பாப்கேட் என்கிற காட்டுப்பூனை வந்தால் வந்ததே தெரியாது. செந்தேரோ ஓரத்தில் எவ்வளவு நேரமாக உட்கார்ந்திருந்ததோ, திரும்பிப் பார்க்கும்போது இருக்கும். கயோட்டி வருவதை அநேகமாகப் பறவைகள்தான் முதலில் சொல்கின்றன. பச்சை ஜேக்கள் ஒரு புதரிலிருந்து அடுத்த புதருக்குத் தாவித் தாவி ஏசும். அந்த ஏச்சு நகர்கிற திசையை வைத்து, எங்கே வருகிறது என்று மனத்தில் கோடு போட்டுக்கொள்வேன். பிறகு ஏச்சு நின்றுவிடும். ஊதலை இறக்கிவிட்டு, புறங்கையை உதட்டில் வைத்து உறிஞ்சி, எலி கீச்சிடுவதுபோல மெல்லச் சத்தம் கொடுப்பேன். நின்றது நகர அது போதும்.

ஒரு ஜனவரிக் காலையில் வந்த ஒன்றை மறக்க முடியாது. எனக்கும் அதற்கும் நடுவே பதினைந்து அடி இருக்கும், அவ்வளவுதான். சப்பாத்திக்கள்ளிக்குப் பக்கத்தில், முன்னங்கால் ஒன்றைத் தூக்கியபடி நின்றது. பிடரி மயிரில் முள்காய்கள் ஒட்டியிருந்தன. இடது காதின் நுனி பழைய சண்டையில் கிழிந்து ஆறியிருந்தது. ஓடி வந்ததில் விலா ஏறி இறங்கியது. வாய் மூடியிருந்தது, மூக்கின் ஓட்டைகள் மட்டும் விரிந்து சுருங்கின. கண் மஞ்சள். அந்தக் கண்ணில் கொடூரமும் இல்லை, தந்திரமும் இல்லை. ஒரு கேள்வி இருந்தது: சத்தம் இங்கிருந்துதானே வந்தது, முயல் எங்கே? அந்தக் கேள்வியோடு அது காற்றுப் பக்கமாகத் திரும்பி இரண்டு எட்டு வைத்தது. நண்பரின் துப்பாக்கி வெடித்தது.

சுட்ட பிறகு அவர் செய்கிற ஒரு காரியம் உண்டு. வயிற்றைக் கீறி இரைப்பையைத் திறந்து பார்ப்பார். அன்று அதில் எலி மயிர் உருண்டையாக இருந்தது. மானுக்காகப் பண்ணையில் கொட்டும் மக்காச்சோளம் இருந்தது. வேட்டைக்காரர்கள் அறுத்துப் போட்டுப்போன மான் குடலின் துண்டு இருந்தது. கோடையில் திறந்தால் மெஸ்கிட் நெற்றும் சப்பாத்திப் பழ விதையும் கிடைக்கும் என்றார். மெஸ்கிட் பெருகியதில் மாட்டோடு இதற்கும் கொஞ்சம் பங்கு இருக்கிறது. உடலைப் புதருக்கடியில் காரகாராக்களுக்கு விட்டுவிடுவார். அக்கம்பக்கத்துப் பண்ணைகளில் செத்த கயோட்டியைச் சாலையோரக் கம்பிவேலியில் தலைகீழாகத் தொங்கவிடுகிற வழக்கம் இருக்கிறது. வண்டியில் போகும்போது அப்படி எதையாவது பார்த்தால் நண்பர் பேச்சை நிறுத்திவிடுவார்.

எண்ணிக்கையைக் குறைக்கத்தான் சுடுகிறோம் என்று வேட்டைக்காரர்களில் பாதிப்பேர் சொல்வார்கள். எனக்கு இந்தப் பேச்சில் கோபம் வருகிறது, ஏனென்றால் அது நூறாண்டுப் பழைய பொய். 1915இலிருந்து அமெரிக்க அரசு சம்பளம் கொடுத்துக் கொல்லும் ஆட்களை வைத்திருந்தது. 1931இல் அதற்கென்று சட்டமே போட்டது. எட்டிச்சத்தான ஸ்ட்ரிக்னைன், பிறகு 1080 என்ற எண்ணால் அழைக்கப்பட்ட நஞ்சு, கண்ணி, விமானத்திலிருந்து துப்பாக்கிச் சூடு. 1972இல் அதிபர் நிக்சன் கையெழுத்திட்டு அரசு நிலங்களில் நஞ்சை நிறுத்தும்வரை இது தடையின்றி நடந்தது. இன்றும் வேளாண் துறையின் பிரிவு ஒன்று ஆண்டுதோறும் பல்லாயிரக்கணக்கில் கொல்கிறது. இவ்வளவுக்கும் பிறகு கயோட்டி என்ன ஆனது? ஓநாய் ஒழிக்கப்பட்ட இடங்களில் எல்லாம் இது போய் உட்கார்ந்தது. மேற்குச் சமவெளியிலும் பாலைவனத்திலும் இருந்த பிராணி இன்று அலாஸ்கா முதல் பனாமா வரை இருக்கிறது. சிகாகோவின் தெருக்களில் குட்டி போடுகிறது.

காரணம் அதன் உடலிலேயே இருக்கிறது. ஃபிரெட் நோல்டன் என்ற காட்டுயிர் ஆய்வாளர் டெக்சாஸின் வெவ்வேறு பகுதிகளில் கொல்லப்பட்ட பெண் கயோட்டிகளின் கருப்பைகளை ஒப்பிட்டு 1972இல் எழுதினார். கயோட்டிகள் அடர்ந்திருந்த இடத்தில் சராசரியாக ஓர் ஈற்றுக்கு நான்கு குட்டி சொச்சம். கடுமையாகக் கொன்று குறைத்த இடத்தில் ஏழுக்குப் பக்கம். மிஞ்சியவற்றுக்கு இரை தாராளமாகக் கிடைக்கிறது. ஒரு வயதுப் பெண்களும் குட்டி போடத் தொடங்கிவிடுகின்றன. காலியான எல்லைக்குள் வெளியிலிருந்து இளசுகள் வந்து சேர்கின்றன. 1975இல் கோனொலியும் லாங்ஹர்ஸ்டும் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். ஆண்டுதோறும் முக்கால் பங்கைக் கொன்றால்கூட அடியோடு ஒழிக்க அரை நூற்றாண்டு பிடிக்கும் என்று வந்தது.

மெஸ்கிட்டும் இப்படித்தான். மேலே வெட்டினால் தரைக்கடியில் உறங்குகிற மொட்டுகள் விழிக்கும். ஒற்றைத் தண்டாக இருந்த மரம் அடுத்த ஆண்டு பத்துத் தண்டுகளோடு புதராக எழும். சீமைக் கருவேலத்தை வெட்டி ஓய்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெட்டும் கொலையும் மீறித் தழைக்கிற உயிர்கள்தான் அந்த நிலத்தில் தங்கியிருக்கின்றன. மற்றவை போய்விட்டன.

கயோட்டியைச் சுட்ட அரசே பின்னால் விமானத்தை வைத்துச் செய்த வேறொரு வேலையையும் சொல்ல வேண்டும். 1988இல் நாய்களின் வெறிநோய், எல்லையோர முள்காட்டுக் கயோட்டிகளிடையே பரவியது; வடக்கே ஏறத் தொடங்கியது. மனிதர்களும் இறந்தார்கள். கொன்று தடுக்க முடியாது என்பது அதற்குள் தெரிந்திருந்தது. 1995இலிருந்து தடுப்புமருந்து வைத்த தீனியை லட்சக்கணக்கில் வானிலிருந்து போட்டார்கள். கயோட்டிகள் தின்றன, நோய் தாங்கும் வலு பெற்றன. சில ஆண்டுகளில் அந்த நோய்வகையே அங்கிருந்து மறைந்தது. 2007இல் நாய்வழி வெறிநோய் இல்லாத நாடு என்று அமெரிக்கா அறிவிக்கப்பட்டது. நண்பர் அந்தத் தீனிக் கட்டிகளை மேய்ச்சல் நிலத்தில் பார்த்திருக்கிறார். மீன் வாடை அடிக்கும் என்பார். அவர் பார்த்து அரசாங்கம் கயோட்டிக்குச் சோறு போட்டது அந்த ஒருமுறைதான், அதுதான் பலித்ததும்கூட.

ஆகவே குளிர்காலத்தில் நாங்கள் சுடுகிற ஒன்றிரண்டால் அந்தக் காட்டில் எதுவும் குறையாது. இதை ஒப்புக்கொண்ட பிறகு மிஞ்சுவது என்ன? அந்தக் கிழிந்த காதுள்ள ஒன்று செத்தது. அதன் சாவுக்கு மான் வளர்ப்பையோ ஆடு வளர்ப்பையோ சாக்குச் சொல்ல முடியாது. நாங்கள் அழைத்தோம், அது நம்பி வந்தது, கொன்றோம். இதைச் சாக்கில்லாமல் சுமக்க முடிகிறவரை போவேன், முடியாத அன்று நிறுத்திவிடுவேன். அதிக எடையுள்ள கயோட்டியைக் கொன்றவருக்குப் பரிசு என்று வார இறுதிகளில் நடக்கும் போட்டிகள் அருவருப்பானவை. கலிஃபோர்னியா 2014இலும் நியூ மெக்சிகோ 2019இலும் அவற்றைத் தடுத்தன. டெக்சாஸில் தடை இல்லை. கயோட்டிக்கு அங்கே வேட்டைப் பருவமும் கிடையாது, இத்தனைதான் என்ற வரம்பும் கிடையாது.

நானும் நண்பரும் ஒத்துப்போகாத இடம் ஒன்று உண்டு. அது மே மாதம்.

அந்தப் பகுதியில் கயோட்டி ஏப்ரல் வாக்கில் குட்டி போடும். மான்கள் ஜூன், ஜூலையில் ஈனும். பிறந்த முதல் வாரங்களில் மான்குட்டிகளில் கணிசமானவை கயோட்டியின் வாய்க்குப் போகின்றன. இது உண்மை, பண்ணையார்களின் கற்பனை இல்லை. மான் ஈனுவதற்குச் சற்று முன்னால், ஒரு குறிப்பிட்ட நிலத்தில், இடைவிடாமல் கயோட்டிகளைக் கொன்றால் அந்தக் கோடையில் மட்டும் குட்டிகள் கூடுதலாகப் பிழைக்கும். அடுத்த ஆண்டு மறுபடி தொடங்க வேண்டும். ஆக, கயோட்டி வேட்டை பலன் தருகிற ஒரே காலம், வளையில் குட்டிகள் காத்திருக்கிற காலம். தாயும் தகப்பனும் இரை தேடிக்கொண்டுவந்து கக்கி ஊட்டுகிற இனம் இது. ஊதலுக்கு ஓடி வருவது தனக்காக மட்டும் வருவதில்லை.

பண்ணை முதலாளி கேட்டதால் நண்பர் மே மாதத்தில் சுடுகிறார். என்னை ஊத வரச் சொன்னார். வர மாட்டேன் என்றேன். கார்பஸ் கிறிஸ்டிக்குப் பக்கத்தில் வெல்டர் காப்பகத்தில் 1970களில் கயோட்டி நுழைய முடியாத வேலி போட்டுப் பார்த்ததையும், உள்ளே மான்கள் முதலில் கூடிப் பிறகு பழைய அளவுக்கே இறங்கியதையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அது ஆராய்ச்சி நிலம். இங்கே டிசம்பரில் வருகிறவன் கொம்பை எண்ணிக் காசு கொடுக்கிறான்" என்றார்.

"வளையில் இருப்பதற்கு இன்னும் பால்பல்கூட முழுசாக முளைத்திருக்காதே."

"ஜூலையில் வந்து பார். குட்டி போன பெண்மான் அதே இடத்தை மூன்று நாள் சுற்றும்."

"கயோட்டி அதைத் தன் குட்டிக்கு ஊட்டத்தானே எடுத்தது?"

"நான் மட்டும் எதற்குச் சுடுகிறேன் என்கிறாய்? உனக்குச் சம்பளம் நகரத்தில் வருகிறது."

அதற்குமேல் நான் பேசவில்லை. அவர் சொன்னது சரி. நான் மறுத்ததும் சரி என்றே இன்றும் நினைக்கிறேன். மே மாதத்தில் அவர் தன் மருமகனைக் கூட்டிக்கொண்டு போகிறார். பையனுக்கு ஊத வராது, ஒலிபெருக்கி வாங்கியிருக்கிறார்கள். எத்தனை சுட்டார்கள் என்று நான் கேட்பதில்லை, அவர் சொல்வதும் இல்லை. டிசம்பர் கடைசியில், மான் வேட்டைக்கு வந்தவர்கள் ஊர் திரும்பத் தொடங்கியதும், காற்று எந்தப் பக்கம் என்று போன் செய்வார். நான் போவேன்.